பெயருக்குப் பின்னால் விட்ட இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. கோடு போட்ட தாளிலேயே மேலே ஏறிப் போய்க் கடைசியில் கீழே இறங்கிவிடும். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சரக்கு இறக்கிய இடத்தில் போட்ட கையெழுத்து மட்டும். எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான், ஊர்க்காரர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எழுதித் தந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மலராகப் போடலாம் என்று சொன்னார். “தப்பு இருந்தா நான் திருத்திக்கிறேண்ணே, நீங்க எழுதுங்க” என்றார். அவருக்கு இது பெரிய வேலையாக இருக்கும்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, ஆற்றைவிட்டுத் தள்ளி மேட்டுப்பக்கம் இருக்கிறது. திராட்சைப் பந்தல், வாழை, கொஞ்சம் தென்னை. நான் ஒரு திராட்சை வியாபாரியிடம் குட்டியானை ஓட்டுகிறேன். யானை என்றதும் வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், சின்ன சரக்கு வண்டியைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள். அம்மா இருந்தவரை அவர் எனக்கும் சேர்த்துப் பேசினார். அவர் போன பிறகு வீட்டில் டிவிதான் பேசுகிறது.

பேச்சு வராதவனுக்குப் படிக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொள்கிறது. செய்தித்தாள் படிப்பேன். வண்டி நிற்கும் இடத்தில் சுவரொட்டி படிப்பேன். எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒரு பெயர் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. பின்னால் ஏதாவது ஒரு படிப்பு இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இருக்கும். காதுகுத்து விழாவுக்கு வரவேற்கும் தாய்மாமன்களுக்கு இருக்கும். கண்ணீர் அஞ்சலியில் இறந்துபோனவருக்குக்கூட பி.காம். என்று போட்டிருப்பார்கள். அரசியல்காரர்கள் பெயருக்குப் பின்னால் சில சமயம் அந்த எழுத்துகள் பெயரைவிட நீளமாக இருக்கும். புது மந்திரிசபை வந்தால் செய்தித்தாளில் படத்தோடு போடுவார்கள், யார் என்ன படித்தவர், யாருக்கு எந்த இலாகா என்று. நான் இரண்டையும் பொருத்திப் பார்ப்பேன். பெரும்பாலும் பொருந்தாது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் ஒருவர்தான் இருந்தார்.

அவர் வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருக்கும் ராவுத்தர். எங்கள் ஊரில் ராவுத்தர் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் மாமன் மாப்பிள்ளை முறைதான். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ள. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இரண்டு முறை வார்டு மெம்பராக இருந்தவர். குழாய் உடைந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், முதியோர் பென்சன் நின்றுபோனாலும் சனம் அவரைத்தான் தேடும். அவருடைய குரல் கடையிலிருந்து கிளம்பினால் பேருந்து நிறுத்தம்வரை கேட்கும். காலையில் டீக்கடை பெஞ்சில் நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து என் பக்கத்தில்தான் உட்காருவார். அவர் பேசுவார், நான் கேட்பேன். என் வாழ்க்கையில் கூட்டாளி என்று சொல்ல அவர் ஒருவர்தான். அதைவிட வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் செய்தித்தாளில் மந்திரிகள் படம் வந்திருந்தபோது டீக்கடைக்காரர் கேட்டார்.

“ஏன் ராவுத்தரே, வைத்தியம் படிச்சவருக்கு ரோட்டக் குடுக்குறாக. ரோடு போடப் படிச்சவருக்கு ஆஸ்பத்திரியக் குடுக்குறாக. மாத்திக் குடுத்தா ஆகாதாக்கும்?”

“மாத்திக் குடுத்தா ரெண்டு பேருக்கும் வேலை தெரிஞ்சிருக்கும்ல” என்றார் மாமா. “வேலை தெரிஞ்சவன் அதிகாரிய எதுத்துக் கேள்வி கேப்பான். எதுக்கு வம்பு?”

“அப்ப சரித்திரம் படிச்சவருக்கு?”

“அவருக்கு எந்த எலாகாவும் ஒண்ணுதான். எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் தான அவருக்குச் சோலி.”

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் என் தொடையில் தட்டி, “இந்தா, இவனக் கேளு. வாழத்தார ஏத்திக்கிட்டுச் சின்னமனூர் போய்ட்டு வர எட்டாவது படிச்சிருக்கணும்கிறாக. ஊரையே ஏத்திக்கிட்டுப் போறவருக்கு ஒண்ணும் வேணாமாம்” என்றார்.

அது என் கதைதான். அப்போதெல்லாம் சரக்கு வண்டி லைசென்ஸ் எடுக்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இளவட்டத்திலேயே எனக்கு வண்டி ஓட்ட வரும். சந்தைக்குள்ளேயும் தோட்டத்துக்குள்ளேயும் ஓட்டுவேன். தார் ரோட்டில் ஏறும்போது இறங்கி, வேறொருவனுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் சரக்கோடு உட்கார்ந்துகொள்வேன். தேனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒருமுறை போய், சர்ட்டிபிகேட் கேட்டதும் திரும்பி வந்தேன். மாமா அதைக் கேட்டுவிட்டு, “எட்டாவது தேறுனவன் நானு. எனக்குச் சைக்கிளே கோணலாப் போகும். ஓட்டத் தெரிஞ்சவன் நீயி, அஞ்சாவது. ஒன் கையையும் என் சர்ட்டிபிகேட்டையும் சேத்துத் தச்சாத்தான் ஒரு டிரைவரு” என்றார். பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். செய்தித்தாளில் நான்தான் முதலில் படித்தேன், ஆனால் போகத் தைரியம் வரவில்லை. மாமாதான் கடையை அடைத்துவிட்டு என்னோடு தேனிக்கு வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதிலாக அவரே பதில் சொன்னார். ஓட்டிக் காட்டச் சொன்னபோது மட்டும் நான் தனியாகப் போனேன்.

லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாளில் ஊராட்சித் தேர்தல் வந்தது.

மாமா தலைவருக்கு நின்றார். எதிர்த்து நின்றவர், ஊரில் பெரிய திராட்சைத் தோட்டத்துக்காரரின் மகன். எம்.எஸ்சி., எம்.ஃபில். வேதியியல். மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்திருந்தார். தங்கமான பையன். என்னைப் பார்த்தால் “அண்ணே” என்று நின்று பேசிவிட்டுப் போவார். எங்கள் முதலாளிக்கு அந்தக் குடும்பத்தோடு வியாபாரப் பழக்கம். அதனால் வண்டியை அவர்கள் பிரசாரத்துக்குக் கொடுத்துவிட்டார். வண்டி போனால் நானும் போக வேண்டியதுதான். மாமாவிடம் இதை முன்கூட்டியே சொல்லலாம் என்று இரண்டு காலைகள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வரவில்லை. அவரே சொன்னார்: “ஒங்க மொதலாளி வண்டிய அவுகளுக்குக் குடுத்துட்டாராமே. நல்லா ஓட்டு மாப்ள. எங்கனயாவது சாச்சுப்புடாத, அப்புறம் படிச்சவன் வண்டியப் படிக்காதவன் கவுத்துட்டான்னு வரும்.” எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ராவுத்தர் தெரு முனையில் இருக்கும் நீளச் சுவரில் மாமாவுக்கு விளம்பரம் எழுதினார்கள். எழுதியவர் கம்பத்திலிருந்து வந்தவர். பெயரைப் பெரிதாக எழுதி, பழக்கத்தில் பின்னால் ஒரு முழத்துக்கு இடம் விட்டுவிட்டார்.

“பின்னால என்ன போடட்டும் பாய்?”

“பின்னால என் முதுகுதான் இருக்கு.”

“இல்ல பாய், படிப்பு. ஒண்ணும் போடாட்டி மொட்டையா இருக்கும்.”

“இருக்கட்டும்யா. சனங்க வந்து ஒக்காந்துக்கிருவாக.”

மாமாவின் ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த இடம் காலியாகவே நின்றது. போகும்போதும் வரும்போதும் என் கண் அங்கேதான் போகும். எதிரே இருந்த சுவரில் எம்.எஸ்சி., எம்.ஃபில். என்று நீல வண்ணத்தில் எழுதி முடிக்க இடம் போதாமல், கடைசி எழுத்துகளைக் குறுக்கி எழுதியிருந்தார்கள்.

பிரசார வண்டியில் நான் ஒருவன்தான். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள், ரேடியோ என்றுதான் ஊரில் சொல்வோம். தேனியில் ஒருவர் பேசிப் பதிவு செய்த குரல், பாட்டுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும். நல்ல கணீர்க் குரல். “கற்றவர் கையில் ஊராட்சி, காண்போம் நாமே வளர்ச்சி” என்று தொடங்கி, பூட்டுச் சாவிச் சின்னத்தைச் சொல்லி, நடுவில் ஒரு இடத்தில், “எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களிடம் நம் ஊரை ஒப்படைக்கலாமா? சிந்திப்பீர்!” என்று கேட்கும்.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குக் காது சூடானது. மாமா தடுமாறுகிறவர் இல்லை. செய்தித்தாளை எழுத்து விடாமல் வாசிப்பார். மனு எழுதுவார். தடுமாறுகிறவன் என்றால் ஊரில் நான்தான். அந்தக் குரல் என் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு, நான் ஓட்டிப் போகிற தெருவிலெல்லாம் என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தது போல் இருந்தது. வாசலில் நிற்கிறவர்கள் முதலில் குழாயைப் பார்ப்பார்கள், பிறகு ஓட்டுகிற என்னைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஊரைச் சுற்றி வருகிறேன், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில் இருந்த மாதிரி நான் எப்போதும் தனியாக இருந்ததில்லை.

வேட்பாளர் ஒருமுறை வண்டியை நிறுத்தி, “பேசுனது நல்லா இருக்காண்ணே? அது அந்தத் தேனிக்காரவுகளே எழுதுனது” என்றார். “நல்லா இருக்கு தம்பி” என்றேன்.

மாமாவின் வீடு ராவுத்தர் தெரு நடுவில். அந்த வீட்டை நெருங்கும்போது நான் பொத்தானை அமர்த்திச் சத்தத்தை நிறுத்திவிடுவேன். நாலு வீடு தாண்டியதும் மறுபடி போடுவேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. இப்படியே பல நாள் நடந்தது.

ஒருநாள் முற்பகல், அதே போல் அமர்த்திவிட்டுப் போகும்போது மாமா நடுத்தெருவில் வந்து நின்றார். வண்டியை நிறுத்தினேன். சன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தெந்த எடத்துலலே ரேடியோவ அமத்துவாக?”

நான் என்ஜினை அணைத்தேன்.

“சொல்லுலே. தொழுகை நேரத்துல பள்ளிவாசலுக்கு அமத்துவாக. பள்ளிக்கூடத்துக்கு அமத்துவாக. அப்புறம்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டு எந்த வண்டி போனாலும், எழவு விழுந்த வீட்டைக் கண்டால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் கடக்கும். கல்யாண வண்டியும் நிறுத்தும், கட்சி வண்டியும் நிறுத்தும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. வண்டி ஒரு வீட்டு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு போனால் ஊர் அதற்கு வேறு அர்த்தம் வைக்காது.

“என் வீட்டுல யாருலே மவுத்தாப் போனா? நானா?” என்றார். அவர் குரல் எப்போதும் போல் பெரிதாக இல்லை. “ஒங்க மாமி சோறு திங்காமக் கெடக்கா. எதுத்த வீட்டுக்காரி வந்து கேக்குறாளாம், ஒங்க வாசல் வந்தா மட்டும் வண்டி ஏன் ஊமையாப் போகுது, யாருக்கு என்னன்னு. தேர்தலுக்கு நிக்கிறவன் வாசல்ல இப்பிடிச் செய்யலாமாலே?”

தெருவில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன.

“என்னயத் திட்டுறாகன்னா திட்டட்டும். தேர்தல்னா திட்டத்தான் செய்வாக. நாலு தெரு தள்ளி வர்றப்பவே எனக்கு எழுத்து எழுத்தாக் கேக்குது. என் வாசல்லயே வண்டிய நிறுத்திக் கத்த விட்டுட்டுப் போ, ஒரு சொம்பு தண்ணி குடுத்து அனுப்புவேன். ஏன் அமத்துன? யாரு சொன்னா அமத்தச் சொல்லி?”

“யாரும் சொல்லல மாமா.”

“பெறகு?”

எனக்கு நெஞ்சில் ஒரு பெரிய பேச்சே இருந்தது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். என்னைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் மற்றவர்களைவிட அதிக நேரம் காத்திருந்தார்.

“ஒரு வார்த்த சொல்லு மாப்ள.”

பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஆரன் அடித்தது. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். “சரி, போ” என்றார்.

மறுநாள் அந்த வீட்டு முன்னால் நான் அமர்த்தவில்லை. முழுச் சத்தத்தில் போனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிந்திப்பீர் என்று குரல் முடித்தபோது, எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். வேட்பாளர்கள் எல்லா வண்டிக்கும் போடுகிற கும்பிடு அது.

அவர் தோற்றுப்போனார். கொஞ்ச ஓட்டில்தான். நான் அவருக்குத்தான் போட்டேன். போய்ச் சொல்லலாம் என்றால், தோற்றவரிடம் ஊரே வந்து ‘உங்களுக்குத்தான் போட்டேன்’ என்று சொல்லும். அந்த வரிசையில் நானும் போய் நிற்க வேண்டுமா என்று இருந்துவிட்டேன். அவர் டீக்கடைக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டார். நான் லோடு ஏற்றப் போன பிறகுதான் வருவார். அதற்குள் ஊரடங்கு வந்து, கடையும் பெஞ்சும் இல்லாமல் போயின. எல்லோரும் திரும்ப வெளியே வந்தபோது, நானும் அவரும் பேசாமல் இருப்பது ஊருக்கே பழகிவிட்டிருந்தது. எதிரே பார்த்தால் தலையை ஆட்டுவார். “என்ன, லோடா?” என்பார். அவ்வளவுதான். சண்டை என்றால் சமாதானம் பேச ஆள் வருவார்கள். இது சண்டையும் இல்லை. என் கைபேசியில் முதலாளி கூப்பிடுவார், அப்புறம் கம்பெனிக்காரர்களின் பதிவுக் குரல் கூப்பிடும். முன்பு மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.

படித்தவர் தலைவராக எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதவே தொடங்கினேன்.

தினமும் ஆபீசுக்கு வந்தார். முன்பு இருந்தவர்கள் எழுத்தர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், இவர் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். எந்தத் திட்டத்தில் எதைக் கேட்கலாம் என்று கணினியில் தேடி எடுத்துக் கேட்டு வாங்கினார். கிராமசபையில் வரவு செலவை ஒன்று விடாமல் வாசித்தார். ஆனால் வகுப்பில் பாடம் நடத்துவது போல் வாசித்தார், சனம் பையன்கள் மாதிரி நெளிந்தது. எழவு வீட்டுக்கு வந்தால் மாலை போட்டு, கொஞ்சம் நின்று, கைகூப்பிவிட்டுப் போய்விடுவார். மாமா என்றால் பாடை கட்டுவதற்கு மூங்கில் வந்ததா என்று கேட்பதிலிருந்து எல்லோரும் குளித்துவிட்டு வீடு திரும்பும்வரை அங்கனயே இருப்பார். இரண்டும் ஊராட்சித் தலைவர் வேலையில் சேருமா என்று சட்டத்தில் இருக்காது. சனத்தின் கணக்கில் இருந்தது.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. எங்கள் இரண்டு தெருவுக்கும் ஆற்றுத் தண்ணீர் வராது, மேட்டில் இருக்கும் ஒரு ஆழ்துளைக் கிணறுதான். தலைவர் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குடிக்க ஆகாது என்று வந்தது. மறுநாளே மோட்டாரை நிறுத்தி, மோட்டார் அறையைப் பூட்டி, தொட்டியில் ஒரு அறிவிப்பு ஒட்டிவிட்டார். காலையில் குடத்தோடு வந்த பெண்கள் பார்த்தது பூட்டைத்தான். “நம்ம ரெண்டு தெருவும் ஓட்டுப் போடலைன்னு தண்ணிய மூடிட்டான்” என்று ஒரு பெண் சொன்னார். மத்தியானத்துக்குள் அதுவே உண்மையாகிவிட்டது. லாரித் தண்ணீர் வந்தபோது ஒருவரும் பிடிக்கவில்லை. பூட்டை உடைப்போம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் தலைவர் வண்டிக் கொட்டகைக்கு என்னைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணே, அந்தத் தண்ணியக் குடிச்சா பல்லுல கறை விழும். தொடந்து குடிச்சா எலும்பே இறுகிப்போகும். நோட்டீசுல எல்லாம் தெளிவாப் போட்டிருக்கேன். யாரும் படிக்கலியா?”

“படிச்சாக தம்பி.”

“பெறகு ஏன்ணே?”

நானும் அதைப் படித்திருந்தேன். புளோரைடு அளவு, அனுமதிக்கப்பட்ட அளவு, மில்லிகிராம் என்று இருந்தது. அதில் ஒரு பொய் இல்லை. படித்து முடித்தபோது யாரோ யாருக்கோ எழுதியதைப் படித்தது போல் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“ராவுத்தர் ஐயா சொன்னா கேப்பாகண்ணே. நான் போனா நல்லா இருக்காது. நீங்க ரெண்டு பேரும் கூட்டாளிகன்னு சொன்னாக. நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டாளிகள் என்று ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை கமிஷன் கடைக்குப் போனேன். மாமா தார்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “என்ன, லோடா?” என்றார். நான் நின்றபடியே தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக யாரிடமும் நான் பேசியதில்லை. இடையில் அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தப் பய நெசமாவே தண்ணியப் பாத்தானா, இல்ல யாரோ சொன்னாகன்னு மூடுனானா?”

“மதுரைக்கும் அனுப்பிப் பாத்தாராம் மாமா. ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் வந்துச்சாம்.”

“நான் ரெண்டு தடவ மெம்பரா இருந்தேன்” என்றார். “மோட்டாரு ஓடுதான்னு பாத்தேன், தொட்டி நெறையுதான்னு பாத்தேன். தண்ணி என்ன தண்ணின்னு பாக்கல.” பிறகு கை கழுவி, ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டார். படி இறங்கும்போது நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

“இத மட்டும் சொல்லத்தான் வந்தியா?”

கடையில் வேறு ஆள் இல்லை. பின்னால் டிராக்டர் எதுவும் இல்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை.

“ஆமா மாமா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

தொட்டிப் பக்கம் பெண்கள் கூடியிருந்தார்கள். தலைவரும் ஒரு ஓரமாக நின்றார். மாமா நேரே போய், பூட்டை உடைப்போம் என்று சத்தம் போட்ட பெண்ணிடம், “ஏ ஆத்தா, ஒம் மகன இங்கன கூப்புடு. டேய், பல்லக் காட்டு. இது என்னத்தா, செம்மண் அடிச்ச செவுரு மாதிரி இருக்கு? ஒண்ணாப்பு படிக்கிறப்பவே வெத்தலை போடுறானா?” என்றார். யாரோ சிரித்தார்கள். “வெத்தலை இல்ல ஆத்தா, இந்தத் தண்ணி. என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பிடித்தான் இருக்கு, பிரஸ்ஸ மாத்திக்கிட்டே கெடந்தேன். எனக்குத் தெரியல. இவன் படிச்ச பய, கண்டுபிடிச்சிட்டான். தண்ணிய மூடுனது ஓட்டுக்கில்ல. ஓட்டுக்குன்னா மொதல்ல என் வீட்டுக் கொழாயத்தான மூடணும்? லாரி வரும். வரலைன்னா எல்லாரும் கொடத்த எடுத்துக்கிட்டு இவன் வீட்டுக்குப் போங்க. நான் முன்னால வாறேன்.”

தலைவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. லாரி வந்ததும் பெண்கள் வரிசை கட்டினார்கள்.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். மனு எழுதினால் தலைவர் மாமாவிடம் வாசித்துக் காட்டுவார். மாமா, “இத ஒங்க ஆத்தாவுக்குச் சொல்ற மாதிரி எழுது” என்பார். மாமா ஏதாவது சொன்னால் தலைவர், அதற்கு அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார். இப்போது எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வருகிறது. இரண்டு பேரும் சேர்ந்து அலைந்து கொண்டுவந்தது. மாமா அவரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார்.

படிப்பு அரசியல்காரருக்குப் பொருந்துமா என்று கேட்டால் என்னுடைய பதில் இவ்வளவுதான். தலைவருடைய படிப்பு இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் படிப்பைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அந்த வேலைக்கு என்று தனியாக ஒரு படிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகாது என்று தெரிந்துகொள்வது ஒரு பாதி. ஆகாது என்று போய் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது மறுபாதி. அந்த மறுபாதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போட்டியிட்டவரை மாமா மன்னித்துவிட்டார். மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை என்றுகூட நினைத்திருப்பார். அவர் எதிரி, திட்டினார், முடிந்தது. என்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. காலையில் லோடு ஏற்றிக்கொண்டு டீக்கடையைக் கடக்கும்போது இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரியும். சில நாள் தலைவர் கை காட்டி, “வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க” என்பார். லோடு இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் போய்விடுவேன். மாமா கிளாசைக் கையில் வைத்தபடி என் வண்டியைப் பார்ப்பார்.

இப்போது பதவிக்காலம் முடிந்து, ஊராட்சியை ஒரு அதிகாரி பார்க்கிறார். அடுத்த தேர்தலில் தலைவரே நிற்பார், மாமா அவருக்காக ஓட்டுக் கேட்பார் என்று பேச்சு. வண்டியைக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். ஓட்டப்போவது நான்தான்.

மாமா நூலகத்துக்கு வருகிறவர் இல்லை. ஆனால் மலர் வந்தால் யாராவது அவர் கையில் கொடுப்பார்கள். அவர் எழுத்து விடாமல் படிப்பார். அதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் காதில் விழக் கூடாது என்று நான் அமர்த்தவில்லை, மாமா. உங்களுக்குக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர் என்று அந்தக் குரல் சொல்லும் நேரத்தில் நீங்கள் வாசலில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்ப்பீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் எனக்காகப் பேசியவர் நீங்கள். வேறு எவர் வாசலிலும் நான் அமர்த்தவில்லை.

கார்த்திகை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, லோடு இல்லாத நாள்.